முதலில் தெரிந்துகொண்டவர்களுக்கு: காப்பீட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

காப்பீட்டு நிறுவனங்களையும், அந்த நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்களையும் நடத்துகிறவர்களுக்கும், அவற்றைக் கண்காணிக்கும் ஆணையங்களில் இருப்பவர்களுக்கும், வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் துறையில் இழப்பு மதிப்பீட்டாளராக இருக்கிறேன். சர்வேயர் என்றால்தான் பாலிசிதாரர்களுக்குப் புரியும். புயலோ வெள்ளமோ வந்துபோன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ டேப்பும் கேமராவுமாக ஒரு வீட்டுக்குள் நுழைகிற ஆள் நான். சுவரில் தண்ணீர் விட்டுப்போன கோட்டைத் தரையிலிருந்து அளப்பேன். கட்டில், பீரோ, மின்கம்பி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, வாங்கிய ஆண்டைக் கேட்டு, தேய்மானம் கழிப்பேன். நீங்கள் அட்டவணையில் ஒரு வரியாகப் பார்க்கிற க்ளெய்மை நான் சேற்று வாடையோடு பார்க்கிறேன்.

இந்த மடலை எழுத வைத்தது அப்படி ஒரு வீடு. அறுபத்தைந்து வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. தனியாக இருந்தார். பரணில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் பாலிசித் தாள். அந்த வீட்டில் நனையாமல் இருந்தது அது ஒன்றுதான். பதினான்கு ஆண்டுகளாகத் தவணை தவறாமல் பிரீமியம் கட்டிய ரசீதுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "எல்லாம் சரியா இருக்கு, பாருங்க தம்பி" என்று என் முன் வைத்தார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் புயல்காற்றால் வரும் சேதத்துக்குக் காப்பு உண்டு என்று இருந்தது. வெள்ளத்துக்குத் தனியாகக் கூடுதல் காப்பு எடுத்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் யாரும் டிக் அடித்திருக்கவில்லை. எடுக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. இரவு இரண்டு மணிக்குக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. நான்கு மணிக்குத் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. எது காற்றால் போனது, எது தண்ணீரால் போனது என்று பிரித்து எழுதுவதுதான் என் வேலை. நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "காத்து எடுத்துட்டுப் போனா காசு உண்டு, தண்ணி எடுத்துட்டுப் போனா இல்லையா? ரெண்டும் ஒரே புயல்தானே தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் ஆயிரக்கணக்கானோர் கேட்ட கேள்வியும் இதுவேதான். வீடு இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கும்போது, முதலில் காற்று இடித்ததா, கடல் இடித்ததா என்று ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. விலக்கப்பட்ட காரணம் ஒன்று கலந்திருந்தாலே போதும், வேறு எந்தக் காரணம் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் இழப்பீடு கிடையாது என்று எழுதிய விதிகளை உங்கள் வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களில் நீட்டினார்கள். காற்றும் கடலும் சேர்ந்து வரும் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் எழுதினார்கள். தெரியாமல் இருந்தவர் பிரீமியம் கட்டியவர் மட்டும்தான்.

இந்த மடலில் நான் சொல்லவருவதே அதுதான். ஆபத்து எல்லோருக்கும் முன்னால் உங்களுக்குத் தெரிகிறது. அந்த அறிவை வைத்து விலையை ஏற்றுகிறீர்கள், விலக்குகள் எழுதுகிறீர்கள், கடைசியில் கிளம்பியும் போகிறீர்கள். ஆபத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்வதில்லை.

மியூனிக் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் வெள்ளத்தைப் பற்றி 1973இல் வெளியிட்ட ஒரு சிற்றேட்டிலேயே, வளிமண்டலம் சூடாகிவருவதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அரசுகள் அதை அதிகம் பேசவில்லை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். மழை கொட்டும்போது அது அத்தனையும் சேர்ந்து கொட்டும். கடலின் சூடு புயலுக்குத் தீனி. நிலம் காய்ந்தால் காடு பற்றும். இது எதுவும் உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்த முதல் நாட்காட்டி ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு சொன்னபோது, ஆபத்தைக் கணக்கிட்டு விலை போடும் உங்கள் கணக்கறிஞர்கள் யாரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள்.

நம் தொழில் எதன்மேல் நிற்கிறது என்பதை வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்கிறேன். பலர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட பணம் சிலருடைய இழப்பை ஈடுகட்டுகிறது. ஆயிரம் வீட்டில் ஓரிரண்டில் தீப்பிடிக்கும், மீதி வீடுகளின் பிரீமியம் அதைத் தாங்கும். ஒரு வீட்டின் விதி இன்னொரு வீட்டைத் தொடாதவரை இந்தக் கணக்கு பொய்க்காது. புயல் ஆயிரம் வீட்டையும் ஒரே இரவில் தொடும். அப்போது பணம் போட்டவர்களும் கேட்பவர்களும் ஒரே ஆட்களாகிவிடுகிறார்கள். அதனால்தான் மறுகாப்பீடு. ஒரு கரையின் இழப்பை உலகத்தின் மறுகரை சுமக்கும் ஏற்பாடு அது.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கியபோது இந்தக் கணக்கு எவ்வளவு ஓட்டையானது என்பது தெரிந்தது. அதுவரை கடந்த சில பத்தாண்டுகளின் க்ளெய்ம் சராசரியை வைத்துத்தான் புயலுக்கு விலை போட்டார்கள். கரென் கிளார்க் என்ற பெண்மணி புயலின் இழப்பை முன்கூட்டியே கணக்கிடும் கணினி மாதிரி ஒன்றைக் கட்டி, இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டக்கூடும் என்று நிறுவனங்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். பலர் நம்பவில்லை. கடைசியில் காப்பீட்டு இழப்பு 1,500 கோடி டாலரைத் தாண்டியது. குறைந்தது பதினோரு நிறுவனங்கள் திவாலாயின. அதன்பிறகுதான் பேரிடர் மாதிரிகள் உங்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் வந்து உட்கார்ந்தன. கடந்த காலத்தைப் பார்த்து விலை போட்ட தொழில், வரப்போவதைக் கணக்கிடக் கற்றுக்கொண்டது. உண்மையிலேயே நல்ல மாற்றம் அது. அந்தக் கணக்கின் விடை பாலிசிதாரரின் கைக்குப் பெரும்பாலும் வரவில்லை என்பதுதான் என் குறை.

2020 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் இயற்கைப் பேரிடர்களால் காப்பீட்டுத் துறை சுமந்த இழப்பு உலக அளவில் 10,000 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. 2024இல் 13,700 கோடி டாலர் என்கிறது மறுகாப்பீட்டு நிறுவனமான சுவிஸ் ரீ. அதே ஆண்டின் மொத்தப் பொருளாதார இழப்பு 31,800 கோடி டாலர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 18,100 கோடியை யார் சுமந்தார்கள்? இழந்தவர்களே சுமந்தார்கள். நான் அளந்த சுவர்களில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இந்த ஏற்றம் முழுவதையும் பருவநிலையின் தலையில் கட்ட மாட்டேன். ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் வீடுகள் பெருகிவிட்டன. சிமென்ட், மரம், கூலி எல்லாமே ஏறிவிட்டன. ஆனால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கக்கூடிய தரவு உங்களிடம்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் பெரும்புயல் வராத ஆண்டு நல்ல ஆண்டு. 2023இல் இடிமழையும் ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் மட்டுமே 6,400 கோடி டாலர் காப்பீட்டு இழப்பைக் கொண்டுவந்தன. இரண்டாம் நிலை ஆபத்து என்று நீங்கள் ஒதுக்கி வைத்த பெயர் இப்போது பொருந்தவில்லை.

இனி, கிளம்பிப் போவதைப் பற்றி. 2023 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனம் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை வாங்குவதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு மார்ச்சில், அங்கே ஏறத்தாழ 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தபோது 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. காப்பீட்டு இழப்பு மட்டும் ஏறத்தாழ 4,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். நிறுவனத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அந்த மாநிலத்தின் விதிகள், காட்டுத்தீக்கு விலை போடும்போது கடந்த கால இழப்பைத்தான் பார்க்க வேண்டும், வரப்போவதைக் காட்டும் மாதிரிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று நெடுங்காலம் கட்டிப்போட்டிருந்தன. ஆணையத்தினரே, இது உங்களுக்கு. விலையை அழுத்திவைத்தால் ஆபத்து குறைந்துவிடாது. விற்பவர் கடையை மூடுவார், அவ்வளவுதான்.

கடை மூடினால் என்ன ஆகும்? வேறு வழியில்லாதவர்களுக்கான கடைசிப் புகலிடத் திட்டங்களில் கூட்டம் சேரும். ஃபுளோரிடாவில் 2002இல் அப்படித் தொடங்கிய சிட்டிசன்ஸ், இருபது ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமாக வளர்ந்து நின்றது. அதைவிடப் பெரிய விஷயம் கடன். அங்கே வீட்டுக் கடன் முப்பது ஆண்டுக்கு, காப்பீடு ஓராண்டுக்கு. காப்பீடு இல்லாவிட்டால் வங்கி கடன் தராது. கடன் கிடைக்காத வீட்டை வாங்க ஆள் வராது. வாழ்நாள் சேமிப்பை எல்லாம் சுவராக எழுப்பியவர், ஒரு புதுப்பித்தல் மறுப்புக் கடிதத்தில் அதை இழக்கிறார். ஒரு சொட்டு மழைகூட அதற்குத் தேவையில்லை. அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருந்த குந்தர் தாலிங்கர் 2025 மார்ச்சில் இதையேதான் எழுதினார்: காப்பீடு கிடைக்காமல் போனால் அதன்மேல் நிற்கிற கடன், முதலீடு எல்லாம் பின்னாலேயே சரியும். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே ஆக்ஸா காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆன்ரி தெ காஸ்த்ரி, 4 டிகிரி சூடான உலகத்துக்குக் காப்பீடு தர முடியாது என்று சொல்லிவிட்டார். சொன்னவர்கள் எல்லோரும் உங்கள் ஆட்கள். வெளியிலிருந்து யாரும் வந்து உங்களைப் பயமுறுத்தவில்லை.

அப்படியிருந்தும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு இன்னும் காப்பீடு எழுதப்படுகிறது. காப்பீடு இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை எழும்பாது. 2021இல் எட்டு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, தாங்கள் எழுதும் காப்பீட்டிலிருந்து கரிம உமிழ்வைக் குறைக்க ஒரு கூட்டணி தொடங்கின. 2023இல் சிலர் விலகத் தொடங்கினார்கள்; அமெரிக்க மாநிலங்களின் தலைமை அரசு வழக்கறிஞர்கள் அந்தக் கூட்டணியைக் கேள்வி கேட்டு ஒரு கடிதம் அனுப்பியதும் மேலும் பலர் கழன்றுகொண்டார்கள். 2024இல் கூட்டணியே கலைக்கப்பட்டது. நெருப்புக்கும் விறகுக்கும் ஒரே மேசையில் பாலிசி எழுதினால் அந்த மேசை எத்தனை நாள் தாங்கும்?

இதற்கெல்லாம் மருந்தாக நீங்கள் அண்மைக்காலமாக முன்வைப்பது அளவீட்டுக் காப்பீடு. என்னைப் போன்ற சர்வேயர் வர வேண்டியதில்லை. மழையளவோ காற்றழுத்தமோ குறித்த எல்லையைத் தொட்டால் பணம் தானாகக் கிடைக்கும். என் வேலை போய்விடுமே என்று இதை எதிர்க்கவில்லை. பேரிடர் நாளில் வேகமாக வருகிற பணத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2015-16 பருவத்தில் அங்கே மழை பொய்த்தது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் உணவுக்குத் தவித்தார்கள். நாடு பிரீமியம் கட்டி ஆப்பிரிக்க ஒன்றியத்தின் காப்பு அமைப்பில் வறட்சிக் காப்பீடு வாங்கியிருந்தது. கணினி மாதிரியோ இழப்பீடு தருமளவுக்கு வறட்சி இல்லை என்றது. பிறகு வயலுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மாதிரிக்குள் இருந்தது நீண்ட நாள் விளைகிற மக்காச்சோளம், உழவர்கள் விதைத்திருந்தது குறுகிய நாள் ரகம். எந்த வாரத்தில் மழை பொய்த்தால் பயிர் சாகும் என்ற கணக்கே மாறிவிட்டது. திருத்திக் கணக்கிட்டு 81 லட்சம் டாலர் தந்தார்கள். ஆனால் பஞ்சம் திருத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை.

ஜமைக்காவைப் பாருங்கள். 2024 ஜூலையில் பெரில் சூறாவளி அந்தத் தீவை உலுக்கியது. பேரிடர் வந்தால் முதலீட்டாளர்களின் பணம் நாட்டுக்குக் கிடைக்கும்படி எழுதிய 15 கோடி டாலர் பேரிடர்ப் பத்திரத்திலிருந்து ஒரு டாலர்கூட வரவில்லை, காற்றழுத்தம் ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்கு இறங்கவில்லை என்பதால். 2025 அக்டோபரில் மெலிசா வந்தபோது முழுத்தொகையும் கிடைத்தது. ஒப்பந்தப்படி இரண்டுமே சரி. கூரை பறந்துபோன வீட்டுக்காரருக்கு இதை எப்படிப் புரியவைப்பது? பயிர் ரகத்தையும் கூரையையும் நேரில் பார்க்க யாராவது ஒருவர் போகத்தான் வேண்டும்.

நம் தொழிலுக்கு வேறொரு பழக்கமும் இருந்தது. 1666இல் லண்டன் எரிந்த பிறகு தோன்றிய தீக்காப்பீட்டு நிறுவனங்கள் சொந்தமாகத் தீயணைப்புப் படை வைத்திருந்தன. பாலிசி எடுத்த வீட்டின் சுவரில் அடையாளமாக ஓர் ஈயத் தகடு பதித்திருப்பார்கள். இழப்பு நடந்தபின் ஈடுகட்டுவதைவிட நடக்காமல் தடுப்பது லாபம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1835இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஆலை நடத்திய சக்கரையா ஆலன், தன் ஆலையில் தீத்தடுப்பு வசதிகளைச் செய்துவிட்டு, பிரீமியத்தைக் குறையுங்கள் என்று கேட்டார். முடியாது என்றார்கள். நல்ல ஆலைக்கும் மோசமான ஆலைக்கும் ஒரே விலையா என்று கொதித்து, தன்னைப் போல் கவனமாக இருந்த ஆலைக்காரர்களைச் சேர்த்துத் தானே ஒரு பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கினார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. தரையை உயர்த்திக் கட்டியவரும் கூரையை இறுக்கியவரும் வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டியவரும் இன்றும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அதே பதில்தான் கிடைக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் புயல் தாங்கும் கூரை போட்டவருக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கூரை மாற்ற மாநிலமே மானியமும் தருகிறது. செய்ய முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இந்த இடத்தில் என் கையாலேயே நான் செய்கிற ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். இழப்புக்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் இழப்பீடு, அதைவிட மேம்படுத்துவது ஆகாது என்பது நம் தொழிலின் அடிப்படை விதி. அதனால் பறந்துபோன அதே வகைக் கூரைத் தகட்டுக்கும், நனைந்து உப்பிய அதே மரப்பலகைக்கும்தான் நான் விலை எழுத முடியும். அடுத்த புயலில் அது மறுபடி போகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரே வீட்டுக்கு மூன்று முறை ஒரே மதிப்பீட்டை எழுதியிருக்கிறேன். பிரிட்டனில் ஃப்ளட் ரீ என்ற வெள்ள மறுகாப்பீட்டுத் திட்டம் 2022 முதல், வெள்ளத்தில் பாதித்த வீட்டைத் தண்ணீர் தாங்கும்படி சீரமைக்க, இழப்பீட்டுக்கு மேலாக 10,000 பவுண்டு வரை தர வழி செய்திருக்கிறது. மின்சாரப் பிளக்கை இடுப்புக்கு மேல் வைப்பது, பலகைக்குப் பதில் ஓடு பதிப்பது போன்ற எளிய வேலைகள்தான். மற்ற நாடுகளில் அந்த விதியை ஏன் தளர்த்த முடியாது?

எல்லா ஆபத்தையும் எல்லோர் தலையிலும் சமமாக ஏற்ற முடியாது என்பீர்கள். ஸ்பெயினில் ஒவ்வொரு சொத்துக் காப்பீட்டோடும் ஒரு சிறு கூடுதல் தொகை வாங்கி, பேரிடர் இழப்பை ஒரு பொது அமைப்பு ஏற்கிறது. 2024 அக்டோபர் வெள்ளத்தில் வலென்சியாவின் சுமையைத் தாங்கியது அதுதான். பிரான்ஸில் 1982 முதல் இதே போன்ற ஏற்பாடு உண்டு. 2025 ஜனவரியில் அந்தக் கூடுதல் தொகையை 12 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். சுமை ஏறிக்கொண்டே இருக்கிறது என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. ஆனாலும் மேட்டில் இருப்பவர் பள்ளத்தில் இருப்பவரோடு சேர்ந்து நிற்கிற ஏற்பாடு அது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பாலிசியின் முதல் பக்கத்திலும், எதற்குக் காசு வராது என்பதைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும்படி எழுதுங்கள். என் வீட்டுக்கு உங்கள் மாதிரி என்ன மதிப்பெண் போட்டிருக்கிறது, ஏன் போட்டிருக்கிறது, எதைச் செய்தால் அது குறையும் என்பதை எனக்குச் சொல்லுங்கள். அதைச் செய்துவிட்டு வந்தால் விலையைக் குறையுங்கள். புதுப்பிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தால் வேறு வழி தேட ஓராண்டாவது அவகாசம் கொடுங்கள், காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள். ஆணையத்தினரே, இவற்றை வேண்டுகோளாக விட்டுவிடாமல் விதியாக்குங்கள். எங்கே வீடு கட்டக் கூடாது என்று நகரத்தைத் திட்டமிடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய தரவு, தனியார் நிறுவனங்களின் கணினிக்குள் பூட்டிக் கிடக்க அனுமதிக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்குக் கூரைக்கு மட்டும் இழப்பீடு வந்தது. அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் நேரத்தில் என்னை அழைத்தார். என் எண்ணை அந்தப் பாலிசித் தாளின் ஓரத்திலேயே எழுதி வைத்திருந்தாராம். பிரீமியம் ஏறியிருந்தது. இந்த முறை வெள்ளக் காப்பையும் சேர்த்து எடுக்கக் கேட்டிருக்கிறார். இந்தப் பகுதிக்கு அது இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. அது என்னன்னு என்கிட்ட சொல்லக் கூடாதா தம்பி?"

அவர் கேட்டதை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இழப்பு மதிப்பீட்டாளர்